மொட்டைமாடிக் காற்றாலையில் நாளுக்கு 8 யூனிட் வருமா?

கேள்வி: மண்டபம் அருகே வேதாளையில் வீடு. மொட்டைமாடியில் 1 கிலோவாட் காற்றாலை வைத்தால் நாளுக்கு 8 யூனிட் கிடைக்கும் என்கிறார் விற்பவர். இங்கே காற்றுக்குக் குறைவில்லை. வாங்கலாமா?

பதில்: மாடியில் வேண்டாம். காற்று வீட்டுச் சுவரில் மோதி மேலே எழும்பிச் சுழலும். அந்தச் சுழலுக்குள்தான் இறக்கை நிற்கும். பிரிட்டனில் கட்டடங்களின் மேல் வைத்த 26 சிறு காற்றாலைகளை அளந்து பார்த்த வார்விக் ஆய்வு 2009-இல் முடிந்தது. ஒரு காற்றாலைக்குச் சராசரியாக நாளுக்குக் கிடைத்தது 200 வாட்-மணியைச் சற்றே தாண்டியது. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி, அது சேரவே ஐந்து நாள் ஆகும்.

இனி அந்த 8 யூனிட். பெயர்ப்பலகையில் உள்ள 1 கிலோவாட், காற்று நொடிக்கு 11 மீட்டர் அளவில் வீசும்போது மட்டும் வருவது. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். 2.5 மீட்டர் விட்டமுள்ள இறக்கை 10 மீட்டர் வேகத்தில் 700 வாட் தந்தால், 5 மீட்டர் வேகத்தில் 90 வாட்தான் தரும். தடையில்லாத இடத்தில் ஆண்டுச் சராசரி 5 மீட்டர் இருந்தால் நாளுக்கு 3 யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எல்லா மாதமும் ஒரே சீராக வராது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அள்ளிக் கொடுக்கும், மழைக்காலத்தில் வாடை கொடுக்கும். இடைப்பட்ட பங்குனியில் இறக்கை சும்மா நிற்கும். அப்போது வெயிலுக்குக் குறைவில்லாததால், காற்றாலை மின்சாரத்தைச் சேமிக்கும் அதே பேட்டரியில் சோலார் தகடுகளையும் இணைப்பதே இந்த ஊருக்கு ஏற்றது.

வாங்குமுன் காற்றை அளந்துவிடுங்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் இலவசமாகத் தரும் உலகக் காற்று வரைபடத்தில் உங்கள் ஊரின் 10 மீட்டர், 50 மீட்டர் உயர வேகத்தைப் பார்க்கலாம். உங்கள் வீட்டருகே உள்ள பனையும் சவுக்கும் அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு காற்றுமானியைக் கம்பத்தில் ஏற்றி, கச்சான் காலம் ஒன்றையும் காற்று ஓய்ந்த மாதம் ஒன்றையுமாவது பதிவு செய்யுங்கள். விற்பவரிடம் வேகத்துக்கு வேகம் எத்தனை வாட் என்ற சோதனை அறிக்கையைக் கேளுங்கள். டென்மார்க் உதவியோடு கயத்தாறில் அமைந்த தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையத்தில் சிறு காற்றாலைகளையும் சோதிக்கிறார்கள். அறிக்கை இல்லை என்றால் வாங்காதீர்கள்.

கம்பத்தைத் தரையில் நடுங்கள். சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எதையும்விட, இறக்கையின் கீழ்நுனி 9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். பனை 15 மீட்டர் என்றால், இறக்கை விட்டத்தில் பாதியையும் சேர்த்து, கம்பம் 25 மீட்டரைச் சற்றே தாண்ட வேண்டும். சாய்த்து இறக்கக்கூடிய கம்பமாக வாங்குங்கள். இங்கே மணல் பிடிப்பில்லாதது, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிக்கு முளை அடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆழக் குழி தோண்டிக் கான்கிரீட் கட்டை புதைக்க வேண்டும்.

பழுது பெரும்பாலும் உப்பினால்தான் வரும். கம்பம் ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிப் பூசுவது) செய்ததாகவும், போல்ட்டுகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கட்டும். அந்த போல்ட் அலுமினிய உடலில் நேரடியாகப் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால் இடையே நைலான் வாஷர் போடுங்கள். பறக்கும் மணல் இறக்கையின் முன்விளிம்பைத் தேய்க்கும், அங்கே பாலியூரித்தேன் டேப் ஒட்டலாம். பேட்டரி 48 வோல்ட்டில் இருக்கட்டும்: 40 மீட்டர் தூரத்துக்கு 10 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 24 வோல்ட் கொண்டுபோனால் முழு வேகத்தில் கால்வாசி மின்சாரம் வழியிலேயே சூடாகிப் போகும். 48 வோல்ட்டில் 6 சதவீதம்தான்.

இறக்கை சுழலும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றவே கழற்றாதீர்கள். சுமை இல்லாத காற்றாலை கட்டுமீறிச் சுற்றி இறக்கை பிய்ந்து பறக்கும். பேட்டரி நிறைந்தபின் மிச்ச மின்சாரத்தை வாங்கிக்கொள்ள டம்ப் லோடு கட்டாயம் வேண்டும். காற்று தணிந்திருக்கும்போது பிரேக் சுவிட்சைப் போட்டு காற்றாலையிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்து நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும்.

உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதால் கம்ப உயரத்துக்கு அனுமதி வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் கூண்டு ஏற்றினால் காற்று வலுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கம்பத்தைச் சாய்த்து இறக்கையைக் கட்டிவிடுங்கள்.