போர் தண்ணீரில் மீன் வளர்ப்பவர்களின் கேள்விகள்

எங்கள் வீட்டுப் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) 1100. மீன் பிழைக்குமா?

எந்த மீன் என்பதைப் பொறுத்தது. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் கடினத் தண்ணீரில் செழிக்கும். மோலி உப்பங்கழியிலும் வாழக்கூடியது. டிஸ்கஸும் கார்டினல் டெட்ராவும் அமேசானின் மென்னீர் மீன்கள், அவற்றை விட்டுவிடுங்கள். கையிலிருக்கும் தண்ணீருக்கு மீன் தேடுவது சுலபம். மீனுக்காகத் தண்ணீரின் தன்மையை மாற்றுவது தினசரி வேலையாகிவிடும்.

பிஎச் (புளிப்பு, காரத் தன்மையைச் சொல்லும் எண்) 8.2 காட்டுகிறது. எலுமிச்சை பிழியச் சொல்கிறார்கள்.

வேண்டாம். போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும். நீங்கள் விடும் புளிப்பை அது விழுங்கிவிடும். இன்று இறங்கிய பிஎச் நாளை பழைய இடத்துக்கே ஏறும், மறுபடி பிழிவீர்கள். 8.2-இல் பழகிவிடும் மீனால்கூட இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாது.

கவலைப்பட வேண்டியது மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவைப் பற்றித்தான். பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே நம் தண்ணீரில் தீனி மிஞ்சுவதும், புதுத் தொட்டியில் ஒரே நாளில் இருபது மீன் விடுவதும் ஆபத்து. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டு மூன்று மீன் போதும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவாமல், தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

மோட்டார் போட்டு நேராகத் தொட்டியில் ஊற்றினேன். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன.

குளோரின் இல்லையே என்ற தைரியத்தில் பலரும் செய்வதுதான், ஆரம்பத்தில் நானும் செய்தேன். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். உடனே ஏர் பம்ப்பை வேகமாக ஓடவிடுங்கள். அடுத்த முறை ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்திருங்கள். பிஎச்சையும் அதன் பிறகே பாருங்கள், வாயு வெளியேறியதும் எண் ஏறியிருக்கும். டிரம்மின் அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் இரும்பு. மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றலாமா?

கூடாது. அதில் தாதுக்கள் மிகக் குறைவு, பிஎச்சும் நிலையாக நிற்காது. கலந்து ஊற்றலாம்: 1100 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கு, 50 உள்ள ஆர்.ஓ. மூன்று பங்கு சேர்த்தால் சுமார் 310 வரும். வீட்டு சாஃப்ட்னர் இதற்கு உதவாது. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது, டிடிஎஸ் குறைவதில்லை.

வெயிலில் வற்றுவதைப் போர் தண்ணீராலேயே நிரப்புகிறேன். சரிதானே?

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். வற்றியதற்கு ஆர்.ஓ. ஊற்றுங்கள். வாராவாரம் கால் பங்கு மாற்றும்போது போர் தண்ணீர். கண்ணாடியில் வெள்ளைப் படலமா? தண்ணீரை இறக்கிவிட்டு வினிகர் துணியால் துடைத்தால் போய்விடும்.

எங்களுடையது திறந்த கிணறு. மழைக்குப் பின் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள்.

அப்படியானால் குளோரின் இருக்கிறது. மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்த பிறகே மாற்றுங்கள்.