நூலுக்கு மட்டும் விலை போடாதீர்கள்

காமிக் கான் போன்ற, படக்கதை, அனிமே ரசிகர்கள் கூடும் விழாக்களில் கைவினைப் பொருட்களை விற்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னும் பொம்மைகள் செய்கிறேன். சென்னை காமிக் கானில் தோழியுடன் ஸ்டால் போட ஆசை. உள்ளங்கை அளவு பொம்மை ஒன்றுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. 250 ரூபாய்க்கு மேல் வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானா?
— வாசகி, ஈரோடு

சரியில்லை, சகோதரி. ஒரு தாளை எடுத்து என்னுடன் சேர்ந்து கணக்குப் போடுங்கள். பருத்தி நூல் 90 ரூபாய், உள்ளே அடைக்கும் பஞ்சும் கண்களும் 25, உறையும் சீட்டும் 10 என்று வைத்துக்கொள்வோம். அதுவே 125 ஆகிவிட்டது. ஸ்டால் வாடகையில் உங்கள் பங்கு 10,000 ரூபாய், நீங்கள் விற்பது 100 பொம்மை என்றால், பொம்மைக்கு 100 ரூபாய் வாடகைக்கே போகிறது. மிச்சம் 25 ரூபாய். அதை நான்கு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஆறேகால் ரூபாய். இதில் ஈரோட்டிலிருந்து சென்னை வந்துபோகும் செலவை நான் சேர்க்கவே இல்லை.

மணிக்கு 80 ரூபாய் கூலி கேட்பது பேராசை இல்லை. அதைச் சேர்த்தால் விலை 545 வருகிறது. 550 என்று எழுதி ஒட்டுங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் வீட்டுப் பெண்களின் கைவேலைக்குப் ‘பொழுதுபோக்கு’ என்று பெயர் வைத்து, கூலியைக் கணக்கில் எடுக்காமலே விட்டுவிட்டோம். நீங்கள் 250க்கு விற்றால் உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து மேசையில் நியாய விலை வைத்திருக்கும் பெண்ணுக்கும் நஷ்டம்.

ஆனால் 100 பொம்மை பின்ன 400 மணி நேரம் வேண்டும். அது நடக்கிற காரியமா? அதனால் பெரிய பொம்மை முப்பது போதும். கூடவே முக்கால் மணி நேரத்தில் முடிகிற கீ செயின், பை ஊக்கு, புத்தக அடையாள நாடா என்று நிறைய செய்துகொள்ளுங்கள். விழாவுக்கு வருபவர்களில் மாணவர்கள் அதிகம். டிக்கெட்டுக்கும் பயணத்துக்கும் கொடுத்த பிறகு அவர்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். 150 ரூபாய்ப் பொருள் அவர்களுக்கானது. பெரிய பொம்மை தூரத்திலிருந்தே ஆளை நிறுத்தும். வாடகையைத் தேற்றித் தருவது கீ செயின்.

வாங்க வருபவரிடம் பொம்மையைக் கையில் கொடுங்கள். கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தை மூடுவதற்கு முன்பே கண்ணின் தண்டில் உட்புறமாக வளையத்தை அழுத்திப் பூட்டியிருந்தால் அது அசையாது. பின்னலை விரித்துக் காட்டுங்கள். இறுக்கமாகப் பின்னிய பொம்மையில் பஞ்சு வெளியே தெரியாது. இதைத் தொட்டுப் பார்த்தவர் 550 ஏன் என்று கேட்பது அபூர்வம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்று யாராவது சொன்னால் மட்டும் பிளாஸ்டிக் கண் வைத்ததைக் கொடுக்காதீர்கள். நூலாலேயே கண் தைத்தவை சில தனியாக இருக்கட்டும்.

கேள்வி: ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) பாத்திரங்களைக் கீ செயினாகச் செய்து விற்கலாமா? எல்லோரும் செய்கிறார்களே?
— கல்லூரி மாணவர், மதுரை

எல்லோரும் செய்வதால் சட்டம் மாறிவிடாது, தம்பி. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பிறர் படைத்த உருவத்தை அனுமதியில்லாமல் செய்து விற்பது உரிமை மீறல். கையால் செய்தேன் என்பது அதற்கு விலக்கு ஆகாது.

டோக்கியோவின் காமிக் மார்க்கெட்டை நீங்கள் உதாரணம் காட்டக்கூடும். ரசிகர்கள் தாங்களே செய்ததை விற்கும் அந்த விழா 1975 டிசம்பரில் 32 ரசிகர் குழுக்களோடு தொடங்கியது. அங்கே விற்பவர், வாங்குபவர் என்று பிரிக்காமல் எல்லோரையும் பங்கேற்பாளர் என்றே அழைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். பிறர் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரைந்து அச்சிட்ட புத்தகங்களை அங்கே உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது அவர்களாகக் காட்டும் பொறுமை. சென்னையில் மேசை போடும் உங்களுக்கு அது உரிமைச் சீட்டு ஆகாது.

உங்கள் கைக்கு வரைகிற திறமை இருக்கிறதே, அதை ஏன் இன்னொருவர் பாத்திரத்துக்கே செலவழிக்க வேண்டும்? மதுரையில் இருக்கிறீர்கள். மீனாட்சியம்மன் கோயிலின் புது மண்டபத்துத் தூண்களில் யாளி நிற்கிறது. அதன் பிதுங்கிய விழியையும் சுருண்ட பிடரியையும் பார்த்து, உங்கள் பாணியில் ஒரு குட்டி யாளி வரையுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அடுத்த ஆண்டு ‘அந்த யாளி ஸ்டால் எங்கே?’ என்று தேடி வருவார்கள். எல்லா மேசையிலும் கிடைக்கும் அனிமே முகத்துக்காக உங்களைத் தேட மாட்டார்கள்.

கேள்வி: பெங்களூரு விழாவுக்கும் போகலாம் என்றிருக்கிறேன். ஜிஎஸ்டி வேண்டுமா?
— வாசகர், ஓசூர்

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்தில் தற்காலிகக் கடை போடும்போது விதி வேறு: விற்பனை குறைவாக இருந்தாலும் தற்காலிக வரி செலுத்துபவராகப் பதிவு செய்ய வேண்டும், தொடங்குவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். அரசு அறிவித்த சில கைவினைப் பொருட்களுக்கு இதில் விலக்கு உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று, ஸ்டாலுக்குப் பணம் கட்டும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகள் முதல்முறையாக ஸ்டால் போடுகிறாள். மேசைக்கு என்னென்ன கொடுத்து அனுப்பலாம்?
— ஒரு தாய், தாம்பரம்

தரையைத் தொடும் துணி ஒன்று அவசியம். மீதிச் சரக்கெல்லாம் மேசைக்கடியில் மறைந்திருக்கும். கம்பி வலைத் தட்டிகள் இரண்டை நிறுத்திக் கட்டினால் பொருட்கள் கண் மட்டத்தில் தொங்கும். மேசையில் படுத்துக் கிடப்பதைக் கூட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு இருக்கட்டும். கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்கில் செல்போன் சிக்னல் திணறும். கியூஆர் அட்டையை மட்டும் நம்பாமல் பத்து, ஐம்பது, நூறு ரூபாய்ச் சில்லறையும் கொடுத்தனுப்புங்கள்.

ஊக்கு, நூல், ஊசி, பசை கொண்ட சின்னப் பெட்டி ஒன்றையும் மறக்காதீர்கள். பாத்திர வேடமிட்டு வரும் பிள்ளைகளுக்கு எப்போதும் ஏதாவது கிழியும், வாளின் பிடி கழன்றுவிடும். அவர்களுக்குத் தைத்துக் கொடுப்பதற்குக் காசு வாங்க வேண்டாம்.

துணைக்கு இன்னொருவர் கட்டாயம் வேண்டும். தனியாக இருந்தால் சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் முடியாமல் நாள் முழுக்க நிற்பாள். முடிந்தால் நீங்களே கூடப் போங்கள், அம்மா. கடைசி நாள் மாலையில் மீந்ததைப் பாதி விலைக்குத் தள்ளலாமா என்று அவள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காலையில் முழு விலை கொடுத்து வாங்கியவர் அதே வழியாகத்தான் திரும்பிப் போவார். நூல் பொம்மை கெட்டுப்போகிற பொருளும் இல்லை. ஈரம் படாமல் மூடி வைத்தால் அடுத்த விழாவுக்கு ஆகும்.