நூல் அலமாரியில் இருக்கிறது, திரையில் இல்லை

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்ட வீட்டிலிருந்தபடியே தொலைதூரக் கல்வியில் தமிழ் முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். பல்கலைக்கழக நூலகத்தின் அகப்பக்கத்தைத் திறன்பேசியில் திறந்தால், விழாப் படங்கள் மாறி மாறி ஓடுகின்றன. சிலப்பதிகாரம் என்பதை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடினேன், எதுவும் வரவில்லை. நேரில் சென்ற தோழியோ ஒரு தட்டு நிறைய இருப்பதாகச் சொல்கிறாள். நூலகம் இப்போது மாணவர்களின் கருத்தைக் கேட்கிறது. என்ன எழுதலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தவறு உங்களுடையதன்று, சகோதரி. தமிழ் நூல்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிய, பல ஆய்வு நூலகங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தோடு தொடர்புடைய எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அம்முறையில் சகரத்துக்கு 'எஸ்' கிடையாது, 'சி' என்னும் மூன்றாம் எழுத்தே வரும். தகரத்தோடு 'எச்' சேராது. ழகரத்துக்கு 'இசட் எச்' இல்லை, அடிக்கோடிட்ட 'எல்' உண்டு. நாம் பழகிய முறையில் சிலப்பதிகாரத்தைத் தட்டினால் முதல் எழுத்திலேயே வழி தவறிவிடுகிறது. 'எஸ்' இருக்கும் இடத்தில் 'சி'யை இட்டு, 'எச்'சை நீக்கித் தேடிப் பாருங்கள். கோடுகளைப் பொதுவாகத் தட்ட வேண்டியதில்லை. தமிழ் எழுத்தையும் உடன் பதிய மார்க் 21 என்னும் பட்டியல் முறையில் 880 என்ற புலம் உண்டு. ஆனால் பழைய பதிவுகள் பலவற்றில் அது நிரப்பப்படாமலே கிடக்கிறது. உங்கள் கடிதத்தில் முதலில் இதை எழுதுங்கள்.

ஓடும் படங்களைப் பற்றிய உங்கள் எரிச்சலும் நியாயமானதே. கணினித் திரையில் அவை ஓர் ஓரமாக நிற்கும். திறன்பேசியில் முழுத் திரையையும் பிடித்துக்கொண்டு, தேடல் பெட்டியைக் கீழே தள்ளிவிடும். போதாக்குறைக்கு, அசையும் படத்தை விளம்பரம் என்று எண்ணிக் கண் தானாகவே தாண்டிப்போகும் என்பதால், நூலகம் சொல்ல வந்த செய்தியும் யாரையும் சேர்வதில்லை. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்பது அனைத்துலக இணைய அணுகல் நெறி. பிற்பகல் வெயிலில் வாசலில் அமர்ந்து படிப்பவருக்கு அந்த எண்ணின் அருமை புரியும்.

'ஓபேக்' (இணைய நூற்பட்டியல்), 'மின்வளங்கள்', 'தரவுத்தளங்கள்' என்று அகப்பக்கத்தில் வரும் பட்டிப்பெயர்கள் நூலகருக்குப் பழகியவை. விருந்தாளியிடம் தோட்டத்து நிரை எண்ணைச் சொல்லி வழிகாட்டுவது போன்றவை. 'நூல் தேட', 'கட்டுரை தேட', 'வெளியிலிருந்து நுழைய' என்றிருந்தால் போதும். கடைசியாகச் சொன்ன இணைப்பு உங்களுக்கு மிக முக்கியம். அதன் வழியே மாணவர் எண்ணைத் தந்து நுழைந்தால், பல்கலைக்கழகம் சந்தா கட்டிய கட்டுரைகள் திறக்கும். கூகுள் வழியே நேராகச் சென்றால் பணம் கேட்கும்.

'அழகாக இல்லை' என்று எழுதாதீர்கள். எந்தச் சொல்லைத் தட்டினீர்கள், என்ன வந்தது என்று திரையைப் பிடித்த படத்தோடு எழுதுங்கள். ஐந்து பேரை உட்காரவைத்துத் தேடச் சொன்னாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். நூலகம் அப்படி ஐவரை அழைக்குமானால், வளாகத்துக்கு வெளியே திறன்பேசியில் தமிழ் நூல் தேடுபவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும் என்று கேட்டு, உங்கள் பெயரையே கொடுங்கள்.