ஆய்வுப் பேப்பரில் யார் பெயர்? மலையிலிருந்து மூன்று கேள்விகள்

கோத்தகிரி, ஆய்வு மாணவி: மேடம், இரண்டு வருடம் சோலைக்காட்டில் அட்டைக்கடி பட்டு மண் மாதிரி எடுத்தது நான். பேப்பரில் எனக்கு நன்றி மட்டும். ஒரே வாரத்தில் கிராஃப் போட்டுக் கொடுத்த சீனியர் அண்ணன் இரண்டாவது ஆத்தர். கேட்டால், "நீ எழுதவில்லையே" என்கிறார் கைட்.

எழுத விட்டார்களா என்பதுதான் கேள்வி, அம்மா. சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதியைப் பல துறைகள் பின்பற்றுகின்றன. ஆய்விலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியோ திருத்தியோ இருப்பது, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு: நான்கும் வேண்டும். ஆய்விலோ தரவிலோ பங்கு உள்ளவருக்கு எழுதவும் திருத்தவும் இறுதி ஒப்புதல் தரவும் வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதே விதிதான். வரைவையே கண்ணில் காட்டாமல் "எழுதவில்லை" என்பது போங்காட்டம். அடுத்த வேலைக்கு, மாதிரிப் பை வாங்கும் முன்பே ஆத்தர் வரிசையைக் கேட்டு மெயிலில் வாங்கி வையுங்கள்.

உதகை, ஆய்வு மாணவர்: பெண்கள் குறைவாகப் பங்களிப்பதால்தானே பெயரும் குறைகிறது?

அப்படித்தான் நானும் வெகுநாள் நினைத்தேன், தம்பி. 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, அமெரிக்க ஆய்வுக் குழுக்களின் சம்பளப் பதிவுகளையும் வெளியீடுகளையும் பொருத்திப் பார்த்தது. குழுவில் யார் வேலை செய்தார், யார் பெயர் வந்தது என்று தெரிந்துவிட்டது. குழுவில் வேலை செய்தும், பெண்ணின் பெயர் வரும் வாய்ப்பு ஆணைவிட 13 சதவீதம் குறைவு, காப்புரிமையில் 58.

கொடைக்கானல், முனைவர் பட்டம் முடிப்பவர்: தை மாதம் கல்யாணம். இனிஷியலை மாற்றலாமா?

ரேஷன் கார்டில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பேப்பரில் வேண்டாம். உங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தையே பாருங்கள். வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்கே கண்ட, சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் நிகழ்வு 'எவர்ஷெட் விளைவு' ஆனது. மனைவி மேரியும் அங்கேயே ஆய்வு செய்தவர். 1914-இல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வானியல் பற்றிய நூலில் அவர் 'எம். ஏ. ஓர்' (Orr), பிறந்த வீட்டுப் பெயர். 1917-இல் கணவரோடு வெளியிட்ட அறிக்கையில் எவர்ஷெட். விஷயம் தெரியாமல் தேடுபவருக்குப் பாதி மேரிதான் கிடைப்பார்.

நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. என் முதல் பேப்பரில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். மேற்கோள் எல்லாம் அவர் பெயரில்தான். அவரோ குன்னூரில் தேயிலை பேக்டரிக்குக் கணக்கு எழுதியவர்! பெயர் எப்படி வந்தாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண் இலவசம். இன்றைக்கே எடுத்து, பழைய பேப்பர்களையும் அதில் சேர்த்துவிடுங்கள்.