ஐந்து மாதமாக ஆறாத புண்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 34. ஹற்றன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். போன வருடம் பொலன்னறுவைக்கு மேசன் வேலைக்குப் போய் ஏழு மாதம் தங்கியிருந்தார். திரும்பி வந்தபோது முழங்கைக்குக் கீழே பரு மாதிரி ஒன்று இருந்தது. நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. ஐந்து மாதத்தில் அது பெருத்து, நடுவில் புண்ணாகிப் பொருக்குக் கட்டிவிட்டது. இரண்டு தடவை அன்டிபயோட்டிக் குடித்தும் ஆறவில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்கிறார்கள். சத்துமா, டொனிக் எல்லாம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கும் தொற்றுமா?

பதில்: சகோதரி, உங்கள் சாப்பாட்டில் குறை இருந்து வந்த புண் அல்ல இது. அந்தக் கவலையை முதலில் விடுங்கள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு லீஷ்மேனியாசிஸ் என்ற சந்தேகம்தான் வந்தது. மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய் இது. இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி பற்றி 1992இல் அறிக்கை வந்தது. பொலன்னறுவை, அநுராதபுரம், அம்பாந்தோட்டைப் பக்கங்களில் இன்று அதிகம். நம் குளிர்ப் பிரதேசத்தில் குறைவு என்பதால் இங்கே சட்டென்று யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

எதிர்ப்புச் சக்தி இல்லாததால் புண் வந்தது என்கிறார்களே, உண்மையில் அந்தப் புண்ணைப் பெரும்பாலும் உண்டாக்குவதே எதிர்ப்புச் சக்திதான். மணல் ஈ கடித்த இடத்துக்குக் கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன. விழுங்கவும் செய்கின்றன. ஆனால் இந்த ஒட்டுண்ணி விழுங்கிய அணுவுக்குள்ளேயே சாகாமல் இருந்து பெருகும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் அதை அடையாளம் கண்டு இன்டர்பெரோன் காமா என்ற பொருளைச் சுரக்கும். அது பட்டதும் விழுங்கிய அணுக்கள் நைட்ரிக் ஒக்சைட் உண்டாக்கி உள்ளே இருப்பதைக் கொல்லத் தொடங்கும். இந்தச் சண்டைக்காக அணுக்கள் கூடிக் குவிவதுதான் அந்தப் பரு. சண்டை கடுமையானால் மேல்தோலும் சேர்ந்து அழியும். அப்போது வரம்பு கட்டியது போல ஓரம் தடித்த புண்ணாகும். வேகம் போதாவிட்டால் ஒட்டுண்ணி தங்கிவிடும், மிஞ்சினால் தோல் கெடும். டொனிக் குடித்து இந்த அளவைச் சரிசெய்ய முடியாது.

அன்டிபயோட்டிக் கேட்காததற்கும் காரணம் இதுதான்: அது பக்டீரியாவுக்கான மருந்து. முக்கியமாக ஒன்று, யார் கொடுத்தாலும் ஸ்டீரொயிட் களிம்பு பூச வேண்டாம். சிவப்பு அடங்கியது போல இருக்கும், ஆனால் போராடும் அணுக்களையும் சேர்த்து அடக்கிவிடும். சுண்ணாம்பும் வேண்டாம்.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டி, தோல் நோய் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். புண்ணின் ஓரத்தில் மெல்லக் கீறி, சுரண்டி எடுத்ததைச் சாயமூட்டிப் பார்ப்பார்கள். வெள்ளையணுவுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியும் பக்கத்தில் ஒரு குட்டிக் கோடும் தெரிந்தால் அதுதான். தோல் காசநோயும் பூஞ்சணமும் இப்படியே தோன்றலாம், அதனால் பரிசோதிக்காமல் மருந்து தொடங்கக் கூடாது. உறுதியானால் புண்ணுக்குள்ளேயே சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் ஊசி போடுவார்கள், அல்லது திரவ நைதரசனால் உறைய வைப்பார்கள். ஒரே தடவையில் முடியாது. பல தடவை போக வேண்டியிருக்கும். நாள் சம்பளம் போகிறதே என்று அவர் பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு தழும்பு நிற்கும்.

பிள்ளைகளுக்குத் தொட்டால் ஒட்டாது. அப்பா தாராளமாக அவர்களைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். கிளினிக்கில் பொலன்னறுவையில் தங்கியிருந்ததை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வார்த்தையாக நீங்களே சொல்லிவிடுங்கள்.