பதில்: 2014–15 சாம்பியன்ஷிப் ரக்பி – முதலிடம் பிரிஸ்டல், உயர்வு வூஸ்டருக்கு ஏன்?

வணக்கம். பருவவாரியாகப் பட்டியல் தயாரிக்கும்போது, இங்கிலாந்து ரக்பியின் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்பில் முதலிடத்தில் பிரிஸ்டல் அணி இருக்க, முதல் நிலைப் போட்டியான பிரீமியர்ஷிப்புக்கு வூஸ்டர் அணி உயர்ந்து சென்றிருப்பது தரவுப் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை, இரண்டும் சரியே.

அக்காலத்தில் பன்னிரண்டு அணிகளும் தலா 22 ஆட்டங்கள் ஆடிய பிறகு, முதல் நான்கு அணிகள் மட்டும் அரையிறுதி, இறுதி என மீண்டும் மோதின. உயர்வை முடிவு செய்தது அந்தச் சுற்றுதான், அட்டவணை அல்ல. இறுதியும் இரண்டு ஆட்டங்களாக நடந்து, இரண்டின் புள்ளிகளும் கூட்டப்பட்டன. பிரிஸ்டலில் நடந்த முதல் ஆட்டத்தை வூஸ்டர் 29–28 என்று வென்றது. வூஸ்டரின் சொந்த மைதானமான சிக்ஸ்வேஸில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், முடியும் தறுவாயில் பிரிஸ்டல் 30–16 என முன்னிலையில் இருந்தும், வூஸ்டர் இரண்டு டிரைகள் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி பெறுவது) போட்டது. கடைசி டிரை கிறிஸ் பென்னலுடையது, அதைத் தொடர்ந்த ரயன் லாமின் உதை 30–30 என்று சமன் செய்தது. மொத்தம் 59–58. ஒரு பருவம் முழுவதும் முன்னணியில் இருந்த அணியை ஒரே புள்ளியில் தடுத்து நிறுத்திய இந்த முறை நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து. 2017–18 பருவத்திலிருந்து அது கைவிடப்பட்டது.

ஆகவே, உங்கள் பட்டியலில் ‘அட்டவணையில் முதலிடம்’, ‘உயர்வு பெற்ற அணி’ என்று இரண்டு தனி நெடுவரிசைகள் வையுங்கள். அடுத்த பருவத்தில் டான்காஸ்டரை இறுதியில் வென்று பிரிஸ்டலும் மேலே சென்றது.