பில்லில் இருக்கும் அந்த விற்பனையாளர் யார்?

கேள்வி: ஒரு பெரிய ஷாப்பிங் ஆப்பில் மிக்ஸி வாங்கினேன். ஒரே வாரத்தில் மோட்டார் புகைந்துவிட்டது. ஆப்காரர்களைக் கேட்டால் "நாங்கள் விற்கவில்லை, விற்பனையாளரைக் கேளுங்கள்" என்கிறார்கள். பில்லில் கேள்வியே படாத ஒரு பெயர். இவர் யார்?

பதில்: சட்டப்படி உங்களுக்கு விற்றவர் அவர்தான். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் இந்த ஏற்பாடு அந்நிய முதலீட்டு விதிகளில் இருந்து வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் நிறுவனம், சில விலக்குகள் தவிர, சொந்தமாகச் சரக்கு வாங்கிக் குவித்து இந்தியாவில் ஆன்லைனில் நேரடியாக மக்களுக்கு விற்கக் கூடாது. சந்தை நடத்தலாம், அதில் மற்றவர்கள் கடை போடலாம், அவ்வளவுதான். அமேசான் வெளிநாட்டு நிறுவனம், ஃப்ளிப்கார்ட்டில் 2018-ல் அமெரிக்காவின் வால்மார்ட் சுமார் 77 சதவீதப் பங்கை வாங்கிவிட்டது, ஆக இரண்டு பெரிய தலைகளும் இந்த விதிக்குள். சந்தை நடத்துகிறவர்களே பங்கு வைத்திருக்கும் கம்பெனிகள் அங்கே பெரிய விற்பனையாளர்களாக உட்கார்ந்ததும், 2019 பிப்ரவரி 1 முதல் அதற்கும் தடை வந்தது. ஒரு விற்பனையாளர் தன் கொள்முதலில் 25 சதவீதத்துக்கு மேல் அந்தத் தளத்தின் குழுமத்திடமே வாங்கினால், அந்தச் சரக்கு தளத்தின் கையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கவனித்தீர்களா, இதெல்லாம் தெருவில் கடை வைத்திருப்பவரைக் காப்பாற்ற வந்த விதிகள். வாங்குகிறவர் நினைவுக்கு வந்தது அப்புறம்தான். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபோது, மின்வணிகத்துக்கென்று தனி விதிகளும் சேர்ந்து வந்தன. விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் எல்லாவற்றையும் தளம் காட்ட வேண்டும். குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனவே சாட்டில் வரும் பையனோடு மல்லுக்கட்டாமல், ஆப்பின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். வாரண்டி இருக்குமே, மிக்ஸி தயாரித்த கம்பெனியையும் விடாதீர்கள்.

"நாங்கள் வெறும் இடம் கொடுப்பவர்கள்" என்ற பேச்சு எல்லா இடத்திலும் எடுபடுவதில்லை. தரக் கட்டுப்பாட்டு உத்தரவுக்குப் பொருந்தாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, வாங்கிய 2,265 குக்கர்களுக்கும் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு 1 லட்சம் ஒரு பணமா என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே எண்ணம்தான்.

கேள்வி: "ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டுவிட்டால் ஒன்றுமே செய்ய முடியாதா?

பதில்: கலர் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் முடியாது. அந்த உரிமையை நம் சட்டம் தரவில்லை, கம்பெனி தானாகத் தருவதுதான் ஏழு நாள், பத்து நாள் ரிட்டர்ன் எல்லாம். ஆனால் பொருள் பழுது, விளம்பரத்தில் சொன்னது ஒன்று வந்தது வேறு, சொன்ன தேதிக்குப் பிறகு வந்தது (வெள்ளம், புயல் மாதிரிக் காரணம் இருந்தால் வேறு விஷயம்), இந்த மாதிரி நேரத்தில் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். சட்டம் கேட்கவில்லை, ஆனால் செங்கல் வந்தால் செங்கல்தான் வந்தது என்று காட்ட வேறென்ன வழி?

கேள்வி: கேஸ் போட அவர்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் அந்தத் தொல்லை இருந்தது, இப்போது நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2025-ல் தொடங்கிய இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாக வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், நிறைய விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: பணம் கட்டும் பக்கத்தில் கேட்காமலேயே காப்பீடு, நன்கொடை எல்லாம் சேர்ந்துவிடுகிறதே?

பதில்: 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் இப்படி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கின்றன. "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்ற பொய் அவசரமும் அதில் உண்டு. முன்கூட்டியே டிக் அடித்த கட்டம் 2020 விதிகளிலேயே கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1915-க்கே புகார் கொடுக்கலாம்.

கேள்வி: வீட்டில் பொடி வகைகள் செய்து விற்கிறேன். ஆப்பில் விற்க ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்கிறார்களே?

பதில்: ஒரு காலத்தில் கட்டாயம். அது எனக்கு அநியாயமாகவே பட்டது, தெருவில் அதே பொடியை விற்றால் வருட விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை எண் தேவையில்லை, ஆப்பில் விற்றால் முதல் பாக்கெட்டுக்கே தேவை. 2023 அக்டோபர் 1 முதல், அந்த வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஆப்பில் பொருள் விற்கலாம். ஆனால் உங்கள் மாநிலத்துக்குள் மட்டும்தான், பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் தனியாக ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். பக்கத்து மாநிலத்தில் இருந்து ஆர்டர் வந்தால் பதிவு செய்யாமல் அனுப்ப முடியாது. உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு தனி, அதில் விலக்கு எதுவும் இல்லை.